ஈரல் கெட்டவருக்கு ரத்தம் கட்டுமா?



மஞ்சள் காமாலைக்கு நம் பக்கத்தில் கொடுக்கும் நாட்டு மருந்துகளைப் பற்றி முன்பு எழுதியபோது, வாசகர்கள் சிலர் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "ஈரல் கெட்டுப்போனால் ரத்தம் நீர்த்துவிடும், சின்னக் காயம் பட்டாலும் நிற்காது என்கிறார்கள். அதே டாக்டர், ஈரலில் புற்று வந்தவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் கட்டியிருக்கிறது என்றும் சொல்கிறார். நீர்த்துப்போன ரத்தம் எப்படிக் கட்டும்?"

நான் மருத்துவன் அல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. பெரிய பெரிய மருத்துவர்களே நெடுங்காலம் இதே குழப்பத்தில்தான் இருந்தார்கள். "ஈரல் நோயாளிக்கு ரத்தம் கட்டாது, நோயே அவருக்கு ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து" என்று சென்ற நூற்றாண்டு முழுக்கப் பரவலாக நம்பப்பட்டது. அது பாதிதான் உண்மை என்று தெளிவானது கடந்த இருபது வருடங்களுக்குள்தான். அந்தக் கதையை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்டவர்கள்

ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவதை முறையாக ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஹோ. அதற்கு முன்பெல்லாம் நுரையீரலில் கட்டி கண்டால் அது அங்கேயே உண்டானது என்று நினைத்தார்கள். காலிலோ இடுப்பிலோ உறைந்த ரத்தம் பிய்த்துக்கொண்டு, ரத்த ஓட்டத்தோடு போய் நுரையீரலில் அடைத்துக்கொள்கிறது என்று விர்ஹோ காட்டினார். உறைவதற்கு 'த்ராம்போசிஸ்', உறைந்தது நகர்ந்துபோய் அடைப்பதற்கு 'எம்போலிசம்' என்று இன்று டாக்டர்கள் சொல்லும் பெயர்கள் அவர் வைத்தவை. 1856-ல் தன் ஆராய்ச்சிகளைத் தொகுத்து வெளியிட்டார். அவர் பெயரால் இன்றும் மூன்று காரணங்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரத்தக்குழாயின் சுவர் கெடுவது ஒன்று, ரத்த ஓட்டம் மந்தமாவது ஒன்று, ரத்தத்தின் சேர்மானம் மாறுவது ஒன்று. இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தவர் பாரிஸ் நகரத்து அர்மான்ட் ட்ரூசோ. பெரிய ஆசிரியர், நாவன்மை மிக்கவர். 1865-ல் அவர் நடத்திய ஒரு பாடத்தில், உள்ளே எங்கோ புற்று இருப்பவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவது அடிக்கடி நடக்கிறது என்றும், புற்றுநோய் ரத்தத்தின் தன்மையையே மாற்றி உறையவைக்கிறது என்றும் சொன்னார். காரணம் தெரியாமல் ஒருவருக்கு ரத்தம் கட்டினால், உள்ளே புற்று இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள் என்பது அவர் பாடம். இரண்டு வருடம் கழித்து, 1867-ல், அவர் உடம்பிலேயே அப்படி ரத்தம் கட்டியது. தனக்கு வந்திருப்பது என்னவென்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த ஜூன் மாதமே வயிற்றுப் புற்றால் இறந்துபோனார். இன்றும் புற்றோடு சேர்ந்துவரும் ரத்த உறைவை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

ஈரலின் ரத்தக்குழாய்களைப் பார்த்தவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இருந்த ஜார்ஜ் பட், ஈரல் நோய்களைப் பற்றி 1845-ல் ஒரு நூல் எழுதினார். ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்கள் அடைபடுவதை அதில் விவரித்தார். பிராகில் இருந்த ஹான்ஸ் கியாரி 1899-ல் அதை மேலும் விளக்கினார். இருவர் பெயரையும் சேர்த்து அந்த நோய்க்கு 'பட்-கியாரி' என்று பெயர்.

கிங்ஸ் கல்லூரி மருத்துவமனைக்கும் நமக்கும் ஓர் ஒட்டு உண்டு. மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூரில் பிறந்த டாக்டர் முகமது ரேலா ஈரல் மாற்று அறுவையில் உலகப் பெயர் எடுத்தது அங்கேதான். பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்கு 1997-ல் ஈரல் மாற்று செய்தவர் அவர்.

ஆக, புற்றிருந்தால் ரத்தம் கட்டும் என்பதும், ஈரலின் குழாய்களிலும் ரத்தம் கட்டும் என்பதும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தெரிந்த சங்கதிகள். பிறகு எப்படி எதிர்மாறான நம்பிக்கை வந்தது?

நம்பிக்கை பிறந்த கதை

அதற்கும் நியாயமான காரணம் இருந்தது. காமாலை முற்றியவர்களுக்கு அறுவை செய்தால் ரத்தம் நிற்காமல் செத்துப்போவார்கள். அந்தக் காலத்து அறுவை மருத்துவர்களுக்கு அது பெரிய பயம்.

டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் என்பவர் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பில்லாத தீனி போட்டு வளர்த்தபோது, குஞ்சுகளின் தோலுக்கடியில் ரத்தம் கசிவதைக் கண்டார். தீனியில் ஏதோ ஒரு சத்து குறைகிறது என்று கண்டுபிடித்து, 1935-ல் அதற்கு 'வைட்டமின் கே' என்று பெயர் வைத்தார். 'கே' என்பது உறைதலைக் குறிக்கும் 'கோயாகுலேஷன்' என்ற சொல்லின் முதலெழுத்து. அவர்கள் மொழியில் அதைக் கே எழுத்தில்தான் தொடங்குவார்கள். ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் பலவற்றை ஈரல்தான் செய்கிறது. அவற்றில் சிலவற்றைச் செய்ய இந்த வைட்டமின் வேண்டும். இந்த வைட்டமின் குடலில் இறங்கப் பித்தநீர் வேண்டும். காமாலையில் பித்தநீர் அடைபட்டால் எல்லாமே நின்றுபோகும். 1938-ல் அமெரிக்க மருத்துவர்கள் காமாலைக்காரர்களுக்கு வைட்டமின் கே கொடுத்து ரத்தக் கசிவை நிறுத்திக் காட்டினார்கள். 1943-ல் டாமுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1935-ல் அமெரிக்காவின் ஆர்மண்ட் குவிக், ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கும் ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். இன்று இதய வால்வு மாற்றியவர்கள் மாதம்தோறும் எடுக்கிறார்களே, ஐ.என்.ஆர்., அது அந்தச் சோதனையின் வழிவந்ததுதான். ஈரல் நோயாளிகளின் ரத்தத்தை அதில் போட்டால் உறைய நேரம் அதிகமானது. கண்ணுக்கு முன்னால் எண் இருக்கிறது. "இவருக்கு ரத்தம் உறையாது" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் பழையவை இரண்டு. இரண்டுக்கும் ஈரலோடு தொடர்பு உண்டு. 1916-ல் பால்டிமோரில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் ஈரலிலிருந்து எடுத்த சாற்றைப் போட்டால் ரத்தம் உறையவே இல்லை. அவருடைய ஆசிரியர் ஹோவெல் 1918-ல் அந்தப் பொருளுக்கு 'ஹெபாரின்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'ஹெப்பார்' என்றால் ஈரல். இன்று அதைப் பன்றியின் குடலிலிருந்து எடுக்கிறார்கள், பெயர் மட்டும் ஈரலின் பெயராகவே நின்றுவிட்டது.

மற்றொன்றின் கதை மாடு வளர்க்கும் நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1920-களில் மாடுகள் ரத்தம் கசிந்து கசிந்து செத்தன. பூஞ்சை பிடித்த ஒரு வகைத் தீவனப்புல்தான் காரணம் என்று தெரிந்தது. என்ன விஷம் என்று தெரியவில்லை. 1933 பிப்ரவரியில், பனிப்புயல் அடிக்கும் நாளில், எட் கார்ல்சன் என்ற விவசாயி செத்த கிடேரி ஒன்றையும், உறையாத ரத்தம் நிறைந்த பால்கேன் ஒன்றையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கிருந்த கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியர் ஆறு வருடம் உழைத்து அந்த விஷத்தைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் உண்டாக்கிய 'வார்ஃபரின்' 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கான மருந்தானது. மறு வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள். வைட்டமின் கே-யைப் பயன்படுத்தவிடாமல் ஈரலின் கையைக் கட்டிப்போடுவதுதான் வார்ஃபரினின் வேலை.

இப்போது யோசித்துப் பாருங்கள். வார்ஃபரின் சாப்பிட்டவருக்கும் ஐ.என்.ஆர். ஏறுகிறது, ஈரல் கெட்டவருக்கும் ஏறுகிறது. அப்படியானால் ஈரல் கெட்டவர் மருந்தில்லாமலே வார்ஃபரின் சாப்பிட்டவர் மாதிரிதானே? இப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.

தராசின் மற்றொரு தட்டு

கணக்கில் விட்டுப்போனது எது? ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை மட்டும் ஈரல் செய்யவில்லை. அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் பொருள்களையும் அதுவேதான் செய்கிறது. 'புரோட்டீன் சி' என்று ஒன்று, ஸ்வீடன் நாட்டவர் ஸ்டென்ஃப்ளோ 1976-ல் அறிவித்தது. 'ஆன்டித்ராம்பின்' என்று மற்றொன்று. ஈரல் கெட்டால் இவையும் குறைகின்றன. தராசின் இரண்டு தட்டிலும் எடை குறைந்தால் முள் ஏறக்குறைய நடுவிலேயே நிற்கும். ஆனால் குவிக்கின் சோதனை ஒரு தட்டை மட்டுமே எடைபோடுகிறது. உறையவைப்பவை குறைந்திருப்பதைக் காட்டும், தடுப்பவை குறைந்திருப்பதைக் காட்டாது.

இத்தாலியில் மிலான் நகரத்தின் ட்ரிப்போடி, மனூச்சி ஆகியோர் 2005-ல் இரண்டு தட்டையும் சேர்த்து எடைபோடும் விதத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஈரல் சுருங்கிப்போன நோயாளிகளின் ரத்தமும் ஆரோக்கியமானவர்களின் ரத்தம் அளவுக்கே உறைவதற்கான பொருளை உண்டாக்கியது. மறு வருடம் அமெரிக்காவில் வர்ஜீனியா மருத்துவமனைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் சுருக்கத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் இருநூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் காலிலோ நுரையீரலிலோ புதிதாக ரத்தம் கட்டியிருந்தது. சிறிய எண்தான். ஆனால் 'வரவே வராது' என்று நினைத்திருந்தவர்களுக்கு அது போதும்.

இப்படி நடுவில் நிற்கும் தராசு உறுதியான தராசு அல்ல. ஆரோக்கியமானவரின் தராசில் இரண்டு பக்கமும் கனமான எடை இருக்கிறது, காற்றடித்தால் ஆடாது. ஈரல் நோயாளியின் தராசில் இரண்டு பக்கமும் லேசான எடை. ஒரு காய்ச்சல், ஒரு தொற்று, நாலு நாள் படுக்கை, ஏதோ ஒன்று வந்தால் எந்தப் பக்கமும் சாய்ந்துவிடும். அதனால்தான் ஒரே ஆளுக்கு ஒரு வாரம் ரத்த வாந்தியும், மறு வாரம் ரத்தக் கட்டும் வருகிறது. டாக்டர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை, இரண்டும் உண்மைதான்.

புற்றும் சேர்ந்தால்

ஈரலில் புற்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஈரல் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அந்த லேசான தராசின் மேல் புற்று வந்து உட்காருகிறது. விர்ஹோ சொன்ன மூன்று காரணங்களும் ஒரே ஆளிடம் கூடிவிடுகின்றன. சுருங்கிப்போன ஈரலுக்குள் ரத்தம் மந்தமாகப் போகிறது. புற்று, குழாயின் சுவரை அழுத்துகிறது, சில சமயம் துளைத்துக்கொண்டு உள்ளேயே வளர்கிறது. ட்ரூசோ சொன்னபடி, புற்றணுக்கள் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களையும் விடுகின்றன.

முக்கியமாகக் கட்டுகிற இடம் 'போர்ட்டல்' என்ற ரத்தக்குழாய். நம் சாப்பாட்டின் சத்தெல்லாம் குடலிலிருந்து இதன் வழியாகத்தான் ஈரலுக்குப் போகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு இதில்தான் வருகிறது. இதை ஏரியின் மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகு அடைபட்டால் தண்ணீர் என்ன செய்யும்? ஏரி மட்டம் ஏறும், கரையில் எங்கே பலவீனமோ அங்கே கசியும், கடைசியில் உடைப்பெடுக்கும். அதேபோல் போர்ட்டல் குழாய் அடைபட்டால் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. மண்ணீரல் வீங்குகிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. உணவுக்குழாயின் அடியில் மெல்லிய குழாய்கள் புடைத்து, ஒருநாள் வெடித்து, ரத்த வாந்தி வருகிறது. மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது. ரத்தம் கட்டியதாலேயே ரத்தம் கொட்டுகிறது என்பது இதுதான்.

கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று மூன்றுக்கும் ஈரல் என்றே பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். இந்த நோயில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. நோய் கல்லீரலில், வீக்கம் மண்ணீரலில், காலில் கட்டிய ரத்தம் பிய்த்துக்கொண்டால் ஆபத்து நுரையீரலில்.

போர்ட்டல் குழாயில் உள்ள கட்டு எல்லாம் ஒரே வகை அல்ல என்பது அடுத்த பாடம். வெறும் ரத்தம் உறைந்திருப்பது ஒரு வகை. புற்றே குழாய்க்குள் புகுந்து வளர்ந்து அடைத்திருப்பது மற்றொரு வகை. முதல் வகைக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உதவலாம். இரண்டாம் வகை அதற்கெல்லாம் கரையாது, அது புற்றின் ஒரு கிளை. மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் புற்றுக் கட்டு மருந்தை வாங்கிக்கொண்டு பளிச்சென்று தெரியும், வெறும் ரத்தக் கட்டு தெரியாது. பெரும்பாலும் அதை வைத்துத்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்.

இது வெறும் பெயர் வித்தியாசம் இல்லை, பிழைக்கும் வழியையே தீர்மானிக்கிற சங்கதி. அதே மிலான் நகரத்து மருத்துவர்கள் 1996-ல், ஈரல் புற்று இருக்கும் யாருக்கு ஈரல் மாற்று செய்தால் பலன் கிடைக்கும் என்று ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஒரே கட்டியென்றால் 5 சென்டிமீட்டருக்குள், இரண்டு மூன்று கட்டியென்றால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். ரத்தக்குழாய்க்குள் புற்று புகுந்திருக்கக்கூடாது. அப்படிச் செய்த 48 பேரில், நான்கு வருடம் கழித்து உயிரோடிருப்போர் கணக்கு 75 சதவீதம். இன்றும் உலகம் முழுக்க இதை அடிப்படையாக வைத்துத்தான் பேசுகிறார்கள். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் ரத்தக் கட்டு என்று கண்டதும் "எல்லாம் முடிந்தது" என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடக்கூடாது. "இது வெறும் ரத்தக் கட்டா, புற்று ஏறிய கட்டா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

புற்றே குழாய்க்குள் புகுந்திருந்தாலும் கையை விரித்துவிட வேண்டியதில்லை. முற்றிய ஈரல் புற்றுக்கு 'சோராஃபெனிப்' என்ற மாத்திரையைச் சோதித்த முடிவு 2008-ல் வந்தது. மருந்தில்லாதவர்களுக்குச் சராசரி 7.9 மாதம், மருந்து எடுத்தவர்களுக்கு 10.7 மாதம். மூன்று மாதம்கூட இல்லையே என்று நினைப்பீர்கள். அதற்கு முன்னால் அதுவும் கிடையாது. 2020-க்குப் பிறகு ஊசி வழியாகக் கொடுக்கும் மருந்துகள் அதைவிடக் கூடுதல் காலம் தருகின்றன. அவற்றில் சிலவற்றைக் கொடுப்பதற்கு முன் எண்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாயில் புடைத்த குழாய்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வார்கள். அங்கேயும் அதே தராசுதான்.

ரத்தம் கட்டாமல் முன்கூட்டியே தடுக்கமுடியுமா? இத்தாலியின் மொடேனாவில் 70 ஈரல் சுருக்க நோயாளிகளை வைத்துப் பார்த்து 2012-ல் எழுதினார்கள். ஹெபாரின் குடும்பத்து ஊசியை ஒரு வருடம் போட்டுக்கொண்ட 34 பேரில் ஒருவருக்கும் அந்தக் காலத்தில் போர்ட்டல் குழாயில் கட்டவில்லை. போடாத 36 பேரில் 6 பேருக்குக் கட்டியது. பயந்ததுபோல் ரத்தக் கசிவும் அதிகமாகவில்லை. ஒரே மருத்துவமனையில், கொஞ்சம் பேரை வைத்துச் செய்தது. இதை வைத்து எல்லோருக்கும் ஊசி போடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் "ஈரல் கெட்டவருக்கு இந்த மருந்தே கூடாது" என்ற பழைய பயத்தை அது தளர்த்தியது.

புற்று வரும் வழி

ஈரல் புற்றுக்கு நம் நாட்டில் முக்கியமான காரணங்கள் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், சாராயம், இப்போது சர்க்கரை வியாதியோடு வரும் கொழுப்பு ஈரல். பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் நஞ்சும் ஈரலுக்குக் கேடு. கடலை விளைகிற ஊர்க்காரர்கள் நாம், சொத்தைக் கடலையை நைசாக எண்ணெய்க்குப் போட்டுவிடுகிற பழக்கத்தை விடவேண்டும்.

பி வைரஸைக் கண்டுபிடித்த கதையிலும் ரத்த உறைவு வந்து நுழைகிறது. அமெரிக்காவின் பாருக் பிளம்பர்க் உலகெங்கும் ரத்தம் சேகரித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் உறையாத பிறவி நோய் உள்ளவர்கள் அடிக்கடி பிறர் ரத்தம் ஏற்றிக்கொள்வார்கள் அல்லவா? அப்படிப்பட்ட நியூயார்க் நோயாளி ஒருவரின் ரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தோடு வினைபுரிந்தது. அந்தப் பொருளை 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று 1965-ல் அறிவித்தார். அது பி வைரஸின் மேலுறை என்று பின்னால் தெரிந்தது. 1976-ல் நோபல் பரிசு. அவருடைய பிறந்தநாளான ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் நாளாக வைத்திருக்கிறார்கள்.

தைவானில் 22,707 அரசு ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1981-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த வைரஸ் உடம்பில் தங்கியவர்களுக்கு ஈரல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 223 மடங்கு என்று காட்டியது. 1984-ல் தைவான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஈரல் புற்று லட்சத்துக்கு 0.70 என்றிருந்தது, 1990-94-ல் 0.36 ஆகப் பாதியாகக் குறைந்தது. ஒரு புற்றுநோயைத் தடுப்பூசியால் குறைக்கமுடியும் என்று உலகம் கண்ணால் கண்டது அப்போதுதான்.

கீழாநெல்லியைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், அந்தப் பிளம்பர்க்கையே கூட்டாளியாக வைத்துக்கொண்டு, பி வைரஸ் தங்கியவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார். 1988-ல் லண்டனின் 'லான்செட்' இதழில் வெளியானது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. வெறும் போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நமக்கெல்லாம் பெருமையாக இருந்த செய்தி. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறவர்கள் ரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளவேண்டும். காமாலை இறங்கிவிட்டாலே வைரஸ் போய்விட்டது என்று பொருள் இல்லை. அது சத்தமில்லாமல் இருபது முப்பது வருடம் தங்கியிருக்கும்.

நம் வீடுகளில்

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் ஈரல் புற்றோடு வீட்டில் இருந்தார். வலது கால் மட்டும் வீங்கியது. "ஈரல் நோய்க்கு நீர் வைக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்து உருவிவிட்டார்கள். மூன்றாம் நாள் திடீரென்று மூச்சுத் திணறல். தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, நானும் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இந்தச் சங்கதிகளைப் படிக்கப் படிக்க அந்த வலது கால்தான் நினைவுக்கு வருகிறது.

ஈரல் நோயில் நீர் வைத்தால் பெரும்பாலும் இரண்டு காலும் சேர்ந்து வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அது ரத்தக் கட்டாக இருக்கலாம். அதை உருவிவிடக்கூடாது, அழுத்தித் தேய்க்கக்கூடாது. டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், ரத்த வாந்தி, தார் போன்ற மலம், வயிறு நாலைந்து நாளில் வேகமாக உப்புவது, இவற்றில் எது வந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தீர்த்தமலையிலிருந்து அரூருக்குப் போய், அங்கிருந்து தருமபுரிக்கோ சேலத்துக்கோ போகவேண்டிய ஊர் நம்முடையது. வழியிலேயே நேரம் போய்விடும்.

மற்றொரு பக்கமும் உண்டு. ரத்தம் கட்டுகிறதாமே என்று பக்கத்து வீட்டு இதய நோயாளியின் ஆஸ்பிரினையோ வார்ஃபரினையோ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். லேசான தராசு அது. யாருக்கு, எந்த மருந்து, எவ்வளவு நாள் என்பதை எண்டோஸ்கோபியும் ஸ்கேனும் பார்த்த டாக்டர்தான் சொல்லமுடியும். முட்டிவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் இவர்களுக்கு ஆபத்துதான்.

தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து குழந்தைகளுக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்தே இருக்கிறது. கேரளமும் நாமும்தான் நாட்டில் முதலில் அதைத் தொடங்கினோம். ஆகவே பேரன் பேத்திகளுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு இருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்கு அது இல்லை. ஒரே ஊசியைக் கொதிக்கவைத்துப் பத்துப் பேருக்குப் போட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். இதுவரை பார்த்துக்கொள்ளாதவர்கள் ஒருமுறை அரசு மருத்துவமனையில் பி, சி இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் மருந்து இருக்கிறது. 2018-லிருந்து மத்திய அரசு அதற்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. வீட்டில் யாருக்காவது இருக்கிறது என்று தெரிந்தால் மற்றவர்களும் பரிசோதித்து, வராதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த கட்டுரையில் அரூர் வட்டாரத்துப் பழைய நிலக்கடலை மண்டிகளைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். அந்த மண்டிகளில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.